முதலில் கதகதப்பு, பிறகுதான் பால்!

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், பரணில் கிடக்கும் பழைய அட்டைப்பெட்டிக்குள், ஏ.சி.யின் வெளி யூனிட்டுக்குப் பின்னால், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் ஸ்கூட்டரின் கீழே... பூனைகள் குட்டி போடத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். திடீரென்று ஒரு நாள் கீச்சென்று குரல் கேட்கும். எட்டிப் பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவில் ஓர் உயிர். கண் திறக்கவில்லை. காது மடிந்து தலையோடு ஒட்டிக் கிடக்கிறது. தாயைக் காணோம்.

"பாவம், பசிக்குது போல. கொஞ்சம் பால் கொண்டு வாம்மா" என்று பாட்டி குரல் கொடுப்பார். ஃப்ரிட்ஜிலிருந்து பால் வரும். கூடவே இங்க் ஃபில்லரோ, பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய சங்கோ வரும். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால், அந்த முதல் சங்குப் பாலே குட்டியின் உயிருக்கு உலை வைத்துவிடலாம்.

நிஜமாகவே தாய் இல்லையா?

பாலுக்கு முன்னால் பார்க்க வேண்டியது, குட்டி உண்மையிலேயே அனாதைதானா என்பதை. தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கலாம். இடம் மாற்றிக்கொண்டும் இருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கிச் செல்வது அதன் வழக்கம். தனியாகக் கிடப்பதாகத் தெரியும் குட்டி, தன் முறைக்காகக் காத்திருக்கும் கடைசிக் குட்டியாகக்கூட இருக்கும்.

உடம்பு சுத்தமாக, வயிறு உருண்டையாக, சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தால் தாய் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. ஆட்கள் சுற்றி நின்று செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தால் அது வராது. விலகிப் போய், தூரத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் கவனிக்கலாம். கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால், குட்டியிலிருந்து இரண்டு அடி தள்ளிச் சுற்றிலும் கோலமாவை வட்டமாகத் தூவி வைக்கலாம். தாய் வந்து போனால் மாவில் பாதம் பதிந்திருக்கும். அரிசி மாவு வேண்டாம், கல் கோலமாவுதான் சரி. அரிசி மாவு எறும்பை அழைத்து வரும். நகரக்கூட முடியாத குட்டிக்கு எறும்பு பெரிய எமன்.

மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்துவது உண்டு. பூனை அப்படி ஒன்றும் கோபித்துக்கொண்டு குட்டியை ஒதுக்கிவிடாது. கையில் எடுத்துப் பார்த்த குட்டியை அதே இடத்தில் திரும்ப வைக்கலாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. மழையில் நனைந்த குட்டி, எறும்பு மொய்த்த குட்டி, தொட்டால் சில்லென்று இருக்கும் குட்டி, தாய் வண்டியில் அடிபட்டதைக் கண்ணால் பார்த்துவிட்ட குட்டி. இவற்றை உடனே எடுத்துவிட வேண்டியதுதான்.

வாய்க்குள் ஒரு விரல்

பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம். பெரிய பூனையின் உடல் வெப்பம் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியிருக்கும். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் 95 முதல் 98 டிகிரிதான். அந்த வெப்பத்தையும் அதனால் தானாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. குளிரில் நடுங்கிச் சூடு உண்டாக்கும் திறமைகூட அந்த வயதில் இல்லை. தாயின் வயிறும் கூடப்பிறந்தவர்களின் உடம்பும்தான் அதற்கு அடுப்பு. தாய் போனால் பாலைவிட முதலில் அற்றுப்போவது இந்தச் சூடுதான்.

உடம்பு குளிர்ந்தால் குடல் வேலையை நிறுத்திவிடும். அப்போது ஊற்றிய பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிக் கெடும், அல்லது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கும். ராத்திரி நன்றாகக் குடித்த குட்டி காலையில் அசைவற்றுக் கிடந்தது என்று பலர் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட மரணங்களில் சிலவற்றின் பின்னணி இதுதான்.

ஆகவே சுத்தமான விரல் நுனியைக் குட்டியின் வாய்க்குள் மெதுவாக வைத்துப் பார்க்க வேண்டும். வாய்க்குள் சில்லென்று இருந்தால் பாலே கூடாது. நனைந்திருந்தால் முதலில் துவட்டிவிட்டு, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்வது நல்ல வழி. கூடவே ஓர் அட்டைப்பெட்டி தயாராகட்டும். உள்ளே பழைய காட்டன் புடவை அல்லது பனியன் துணி. பூத்துவாலையின் நூல் வளையங்களில் நகம் மாட்டும் என்பதால் அது வேண்டாம். வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி ஊர்ந்து மறுபக்கம் போக இடம் இருக்க வேண்டுமே. பாட்டில் ஆறிவிட்டால் உடனே மாற்ற வேண்டும். ஆறிய பாட்டில் சூடு தராததோடு, குட்டியின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும்.

முதல் வாரத்தில் பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். சென்னையிலோ மதுரையிலோ அக்னி நட்சத்திரப் பகல் என்றால் அறையே அந்தச் சூட்டில் இருக்கும். அப்போது பாட்டில் வைத்தால் குட்டி வெந்துபோகும். அதே வீட்டில் ராத்திரி ஏ.சி. போட்டாலோ, ஃபேனுக்கு நேர் கீழே பெட்டியை வைத்தாலோ கதை வேறு. ஐப்பசி மழையும் மார்கழி விடியலும் சொல்லவே வேண்டாம்.

அவசரமாகச் சூடேற்றுவதும் ஆபத்துதான். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையரைக் கிட்டத்தில் பிடிப்பது எல்லாம் கூடாது. நன்றாகக் குளிர்ந்துபோன குட்டி தேற ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வாய்க்குள் கதகதப்பு வந்து, தலையைத் தூக்கி அங்குமிங்கும் ஆட்டி எதையோ தேடத் தொடங்கினால், அப்போதுதான் பசிக்கு நேரம்.

எந்தப் பால், எப்படி?

பசும்பால் வேண்டாம். பூனைப்பாலில் புரதம் பசும்பாலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சைக்குழந்தைக்குச் செய்வதுபோலத் தண்ணீர் கலந்தால் இருக்கும் சத்தும் போய்விடும். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை வேறு வயிற்றைப் பிடுங்கிக்கொள்ளும். 100 கிராம் உடம்புக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கே தாங்காது.

பெட் ஷாப்களிலும் ஆன்லைனிலும் பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. அதுதான் சரியான உணவு. நடு ராத்திரியில் குட்டி கிடைத்து, கடை திறக்கும்வரை வேறு வழியே இல்லையென்றால், ஓரிரு வேளைக்கு ஆட்டுப்பால் கொடுத்துச் சமாளிக்கலாம். பல நாள் ஓட்ட அது உதவாது. தெருவில் வேறொரு பூனை குட்டி போட்டிருந்தால் அதைவிட அதிர்ஷ்டம் இல்லை. பாலூட்டும் பூனைகள் பல, வேற்றுக் குட்டியையும் சேர்த்துக்கொள்ளும்.

எந்தப் பாலானாலும், புகட்டும் விதத்தில்தான் உயிர் இருக்கிறது. மனிதக் குழந்தையைப்போல மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டவே கூடாது. பால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். தாயிடம் குடிக்கும்போது இருப்பதுபோலக் குப்புற, வயிறு கீழே இருக்க, தலை கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். சங்கும் பாலாடையும் இதற்கு ஆகாது. அவற்றில் பாலை ஊற்றத்தான் முடியும். குட்டியோ உறிஞ்ச வேண்டும். சின்ன ஃபீடிங் பாட்டில், இல்லையென்றால் ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சு. பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாகக் கொட்டினால் துளை பெரிது. மூக்கில் பால் வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

100 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 3 முதல் 4 மி.லி. போதும். ஒரு டீஸ்பூன்கூட இல்லை. "இன்னும் கொஞ்சம் குடிக்கட்டுமே" என்ற ஆசையை அடக்கிக்கொள்வது பாட்டிகளுக்குத்தான் கஷ்டம். முதல் வாரம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. இரண்டாம் வாரம் மூன்று, நான்கு மணி நேரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடும். பரீட்சைக்கு விழித்திருக்கும் பிள்ளை 12 மணி வேளையையும், விடியற்காலையில் எழுந்திருக்கும் தாத்தா 4 மணி வேளையையும் எடுத்துக்கொண்டால் நடுவில் அம்மா ஒருமுறை எழுந்தால் போதும். தனியாக வசித்து, காலையில் போய் இரவு திரும்பும் வேலையில் இருப்பவர், எவ்வளவு பிரியம் இருந்தாலும், குட்டியை நேரம் உள்ள இன்னொருவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

பலரும் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. மூன்று வாரம்வரை பூனைக்குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கிக் கொடுத்தால்தான் வரும். தாய் இல்லாத குட்டிக்கு, ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவிவிட வேண்டும். சிறுநீர் சொட்டும். இது தெரியாமல் பால் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் வயிறு உப்பிக் குட்டி திணறிப்போகும்.

குட்டி தேறுகிறதா என்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது சிரமம். சமையலறை டிஜிட்டல் தராசு பொய் சொல்லாது. தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து, தினசரி காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைக்கலாம். நாளுக்கு சுமார் 10 கிராம் ஏற வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் ஏறவில்லை என்றால் உஷார். இறங்கினால் டாக்டர்.

குடிக்க மறுப்பது, ஓயாமல் கத்துவது, பெட்டி சூடாக இருந்தும் உடம்பு குளிர்வது ஆகியவை நாளைவரை காத்திருக்கக் கூடிய அறிகுறிகள் அல்ல. ஊரில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீட்டு வைத்தியம் மட்டும் வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நாய்களுக்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் விஷம், கற்பூரம் கலந்த எண்ணெயும் அப்படியே. தெள்ளுப்பூச்சியைச் சீப்பால் வாரி எடுத்தாலே போதும். குட்டியோ தாயோ கடித்து, பிறாண்டி ரத்தம் வந்தால், சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில குட்டிகள் போய்விடும். பிறந்த முதல் நாளில் கிடைக்கும் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது கிடைக்காத குட்டிக்கு ஆரம்பமே பின்னடைவு. ராத்திரி முழுக்க விழித்திருந்த பிள்ளை "நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டால், "இல்லடா கண்ணு" என்று சொல்லலாம், அது உண்மையும்கூட.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று குட்டிகளைக் கோணிப்பையில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே சாப்பாடு கிடைக்குமாம்! கண் திறக்காத, பல் முளைக்காத குட்டி மீனை என்ன செய்யும்? பட்டினியால் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தாண்டிவிட்டால், அப்புறம் வேகம்தான். 7 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும். பீளை கட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் துடைக்கலாம், இழுத்துப் பிரிக்கக் கூடாது. எல்லாக் குட்டிக்கும் முதலில் நீலக்கண்தான். மூன்றாம் வாரம் பல் எட்டிப் பார்க்கும். நான்காம் வாரம் குட்டிகளுக்கான உணவைப் பாலில் குழைத்துத் தட்டில் வைத்தால், முதல் நாள் நாலு காலையும் அதற்குள் வைத்து நிற்கும். மணல் நிரப்பிய ட்ரேயில் இரண்டொரு முறை இறக்கிவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, 12 வாரத்தில் ரேபிஸ் ஊசி. வேறு வீட்டுக்குக் கொடுப்பதானால் எட்டு வாரத்துக்குப் பிறகுதான். பெண் குட்டி என்றால் நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும் என்பதால், கருத்தடை அறுவை சிகிச்சைக்கான தேதியையும் அந்தத் தடுப்பூசி போடும்போதே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.