பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்



பொதுத்தேர்வு நெருங்கினால் மாணவர்களின் மன அழுத்தம் பற்றி ஊரே பேசுகிறது. அதே மாதங்களில்தான் பி.டி. பீரியடும் கணக்கு வாத்தியார் கைக்குப் போகிறது. எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு விடிந்ததும் டியூஷன், பிறகு பள்ளி, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். அவள் நடப்பதெல்லாம் வாசலிலிருந்து வேன் வரைக்கும்தான்.

உட்கார்ந்தே இருப்பதற்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா என்று பிரிட்டனில் 4,257 பிள்ளைகளை 12, 14, 16 வயதுகளில் அசைவை அளக்கும் கருவி அணியச் செய்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2020-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தன. 12 வயதில் தினமும் கூடுதலாக உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், 18 வயதில் மனச்சோர்வு அறிகுறிகள் சுமார் 11 சதவீதம் அதிகம். இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை அல்ல. சோர்ந்த பிள்ளையும் உட்காரத்தானே செய்யும்? ஆனாலும் ஒரு சேதி முக்கியம். நடை, வீட்டு வேலை போன்ற லேசான அசைவுக்கே பலன் தெரிந்திருக்கிறது. மெடல் வாங்கும் பிள்ளைகளுக்கு மட்டுமா மைதானம்?

11 முதல் 17 வயதுள்ளோருக்குத் தினம் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 கணக்குப்படி உலகில் அந்த வயதினரில் 81 சதவீதம் பேர் அதை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானத்தில் சீருடையும் துப்பட்டாவுமாக அவர்கள் எந்த மூலையில் ஓடுவது?

திருப்புதல் தேர்வு அட்டவணை போடும்போதே பி.டி. பீரியடையும் அதில் குறித்துவிடுங்கள். பந்து இருக்கும் அறையின் சாவி பி.டி. மாஸ்டரிடமே இருக்கட்டும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்