கல்லுக்குள் இருக்கும் தண்ணீர்



2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தது. அதில் வந்தோர் கண்டவை இரு வேறு நிலங்கள். திருகோணமலையில் கடலுக்குள் செங்குத்தாக இறங்குவது 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கடும்பாறை. காங்கேசன்துறையிலோ தட்டையான சுண்ணாம்புக்கல். கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து, 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இறுகியது.

சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்து வெடிப்புகளை உண்டாக்கும். கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவது அதனால்தான். ஆனால் அந்த நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கும் படலம். மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். ஏறினால் இலகுவில் இறங்காது.

குடாநாட்டின் தாகத்துக்கு இரணைமடு நீரைக் கேட்டபோது, அந்த வாய்க்காலை நம்பி வயல் செய்யும் உருத்திரபுரம் போன்ற ஊர்களின் விவசாயிகள் அஞ்சினார்கள். அதனால் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் தாளையடியில் திறக்கப்பட்டது.

கப்பலில் வந்தவர் கரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இங்கே வாழும் நமக்கோ அந்தக் கல்தான் தண்ணீர்ப் பானை. அடுத்த முறை மோட்டாரைப் போடும்போது, நிறுத்தும் நேரத்தையும் நினைவில் வையுங்கள்.