பொய்க் கிரயம்

சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரைக்கும் நான்கு வழிச் சாலை போட்டு முடித்துவிட்டார்கள். நீளம் 50 கிலோமீட்டர். செலவு 2,350 கோடி ரூபாய்க்கு மேல். கொள்ளிடத்தின் குறுக்கே மட்டும் ஒரு கிலோமீட்டருக்குப் பாலம். 2025 ஜூலை 26-ம் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் இதை நாட்டுக்கு அர்ப்பணம் செய்தார். பிரயாணத்தில் முக்கால் மணி நேரம் மிச்சம் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். மெய்யாகவே இருக்கட்டும். அணைக்கரையில், காட்டன் துரை 1836-ல் கட்டிய கீழணையின் குறுகலான பாலத்தில், எதிர்ப்புறத்து வண்டிகளெல்லாம் வந்து தீரட்டும் என்று பஸ்ஸுக்குள் புழுங்கிக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். ரோடே வேண்டாம் என்று கொடி பிடிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

அந்த ரோடு எதன்மேல் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. மண், ஜல்லி, தார் என்று இன்ஜினீயர்கள் பதில் சொல்லுவார்கள். அவற்றுக்கும் அடியில் ஒரு பொய் கிடக்கிறது. சர்க்கார் மட்டும் சொன்ன பொய் அல்ல. நாமும் சேர்ந்து சொன்னது.

சேத்தியாத்தோப்பில் ஒரு டீக்கடைப் பெஞ்சில்தான் இந்த விஷயம் எனக்கு விளங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் 40 சென்ட் நஞ்சையை ரோட்டுக்குக் கொடுத்தவர். கொடுத்தவர் என்பது மரியாதைக்குச் சொல்லுகிற வார்த்தை. "பணம் வந்துச்சு தம்பி. வரலேன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும். ஆனா அந்தப் பணத்த எடுத்துக்கிட்டு அதே மாதிரி நெலம் வாங்கப் போனேன். பாதிகூட வரல" என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். கோபம் இருந்திருந்தால் நான் அவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ம் வருஷத்துச் சட்டப்படி. எடுக்கும் முறை அந்தச் சட்டத்துக்குள் 1997-ல் நுழைக்கப்பட்டது. முதலில் கெஜட்டில் ஓர் அறிவிப்பு. அதன் சாரம் 2 பத்திரிகைகளில் வரவேண்டும், அவற்றில் ஒன்று தாய்மொழிப் பத்திரிகையாக இருக்கவேண்டும். ஆட்சேபம் சொல்ல 21 நாள் தவணை. விசாரிக்கிற அதிகாரி ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டால் தள்ளியதுதான். ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது அறிவிப்பு வரும். அது வந்த தினத்தில், பாட்டன் காலத்திலிருந்து உழுது வந்த நிலம், வில்லங்கம் எதுவும் இல்லாமல் மத்திய சர்க்காரின் சொத்தாகிவிடுகிறது. நிலத்துக்காரர் அன்றைக்கும் வழக்கம்போல மடை திறந்துவிடப் போயிருப்பார். நாற்றுக்கு அது தெரியுமா, வரப்புக்குத்தான் தெரியுமா?

அதன் பிறகுதான் விலைப் பேச்சு. பேச்சு என்பதும் உபசாரம்தான். விலையை வருவாய்த் துறை அதிகாரி நிர்ணயிக்கிறார். போதாது என்றால் நடுவரிடம் போகலாம். அந்த நடுவரை நியமிப்பதும் மத்திய சர்க்காரே. ஒரு கிராமத்தில் இருவருக்குள் வரப்புச் சண்டை வந்து, அதில் ஒருவரே பஞ்சாயத்தாரையும் பொறுக்கி வைத்தால் நாம் என்ன சொல்லுவோம்?

சட்டம் தாராளமானது என்று வாதிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது. 1894-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தில் ஆறுதல் தொகை என்று விலைக்கு மேல் 100-க்கு 15 கொடுத்தார்கள். 1984-ல் அது 30 ஆயிற்று. நெடுஞ்சாலைக்குப் போன நிலத்துக்கோ, 1997 ஏற்பாட்டின்படி ஆறுதலே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு வீட்டைப் பறிகொடுத்தவருக்கு ஆறுதல் உண்டு; ரோட்டுக்குப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை! இந்த அக்கிரமம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 2019-ல்தான் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இனிமேல் எடுக்கிற நிலங்களுக்கு மட்டும் பொருந்தட்டும் என்று நெடுஞ்சாலை ஆணையம் மன்றாடியதை 2025-ல் தள்ளியது. இதற்கிடையில் 2013-ம் வருஷத்துப் புதுச் சட்டம் வந்து, 2015 முதல் நெடுஞ்சாலைக்கும் அதன் கணக்கே என்றாயிற்று. சந்தை மதிப்பை எடுத்துக்கொள். கிராமப்புறமானால் 1-லிருந்து 2 வரை ஓர் எண்ணால் பெருக்கு. வந்ததற்குச் சமமாக ஆறுதல் தொகையும் சேர். கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது!

ஆனால் பெருக்கல் கணக்கில் கடைசி வரியைப் பார்த்து மகிழக் கூடாது. முதல் வரியைப் பார்க்கவேண்டும். சந்தை மதிப்பு எது? பதிவு அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்பு, அல்லது அக்கம்பக்கத்தில் முந்தின 3 வருஷங்களில் பதிவான கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி. இவற்றில் எது கூடுதலோ அது. அந்தப் பத்திரங்களில் என்ன எழுதியிருக்கிறது? நீங்களும் நானும் எழுதி வைத்ததுதான் எழுதியிருக்கிறது. முத்திரைத் தீர்வைக்குப் பயந்து, கைமாறிய தொகையில் கால்வாசியைப் பத்திரத்திலும், முக்கால்வாசியை மஞ்சள் பையிலும் வைத்துக் கொடுத்தோம். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. 'எல்லாரும் செய்வதுதானே' என்றுதான் நினைத்தோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரோட்டோரத்தில் 1 சென்ட் உண்மையில் 1 லட்சம் ரூபாய்க்கு விற்கிறது. பத்திரத்தில் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதிக்கிற உச்சமான 2-ஆல் பெருக்கினால் 50,000. அதற்குச் சமமாக ஆறுதல் 50,000. ஆக 1 லட்சம். அதாவது, மனம் விரும்பி விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அதே தொகை. ஆறுதல் எங்கே போயிற்று? பெருக்குகிற எண் 2-க்குக் குறைந்தால் அந்த 1 லட்சமும் இல்லை. 1-ஆகவே நின்றுவிட்டால் கைக்கு வருவது 50,000. பெரியவர் பாதி என்றாரே, அது புலம்பல் அல்ல, அரித்மெடிக்.

சர்க்காருக்கு இந்தப் பொய் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2017 ஜூனில் தமிழ்நாட்டு வழிகாட்டி மதிப்பை 100-க்கு 33 வீதம் குறைத்து, கூடவே பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக உயர்த்தினார்கள். மனை வியாபாரம் படுத்துவிட்டது, நிமிர்த்தவேண்டும் என்பது காரணம். ஒரே இரவில் தமிழ்நாட்டு மண்ணில் மூன்றில் ஒரு பங்கு சாரம் வற்றிப் போயிற்றா என்ன? பிற்பாடு மதிப்பை ஏற்றினார்கள். ஏற்றவும் இறக்கவும் தங்கள் கையில் இருக்கிற ஓர் எண்ணை வைத்துக்கொண்டே, பிறத்தியார் நிலத்துக்கும் விலை கட்டலாம் என்பது எந்த ஊர் தர்மம்?

இதற்கு நம் ராஜ்யத்திலேயே ஒரு வழக்கு சாட்சி. தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலங்களுக்கு அதிகாரி சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசிலிருந்து 83 ரூபாய் 15 காசு வரைக்கும் விலை வைத்தார், வழிகாட்டி மதிப்பைப் பார்த்து. நடுவர் அதையே ஆமோதித்தார். ஜில்லா நீதிபதி 645 ரூபாய் என்று உயர்த்தினார். 83-க்கும் 645-க்கும் இடையில் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்! 2021-ல் வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தபோது வேடிக்கை என்னவென்றால், நடுவர் தீர்ப்பை ரத்து செய்யத்தான் கோர்ட்டுக்கு அதிகாரம், திருத்தித் தொகையை உயர்த்த அதிகாரம் இல்லை என்று சட்டம் பேசியது. அந்த நிலத்துக்காரர்களுக்குக் கிடைத்ததில் மட்டும் கை வைக்கவில்லை, அவ்வளவு கருணை. 2025-ல் ஐந்து நீதிபதிகள் கூடி, சில வரம்புகளுக்கு உட்பட்டுத் திருத்தலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறார்கள். கதவு வரைக்கும் நடந்து போகிற சக்தி எத்தனை பேருக்கு உண்டு என்பது வேறு கேள்வி.

இத்தனையும் பட்டாவில் பெயர் உள்ளவர்களின் துக்கம். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் எல்லாரும் சட்டத்தின் வியாக்கியானத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள்தாம். மூன்று வருஷமாக அதையே நம்பிப் பிழைத்திருக்கவேண்டும், அவ்வளவே. வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? களை பிடுங்கிய கைக்கு அடங்கலில் இடம் ஏது?

காகிதத்தில் நிலம் போகிற நாளும், கண்ணெதிரே அது போகிற நாளும் வேறு வேறு. இதைச் சேத்தியாத்தோப்புக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில், நெய்வேலி நிறுவனம் பரவனாற்றின் போக்கை மாற்றக் கால்வாய் வெட்ட வந்தபோது, பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. அது ரோடு அல்ல, சுரங்கம். ஆனாலும் பாடம் ஒன்றே. எப்போதோ எடுத்து, எப்போதோ பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். விளைந்துகொண்டிருந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடு என்று ஹைகோர்ட் சொல்லவேண்டி வந்தது. இந்த வட்டாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிற வட்டாரம். பழுப்பு நிலக்கரியைக் கொடுத்தது. 2004 முதல் வீராணத்துத் தண்ணீரைக் குழாய் வழியே சென்னைக்குக் கொடுத்து வருகிறது. இப்போது ரோட்டுக்கும் கொடுத்திருக்கிறது.

தேசம் முன்னேற யாராவது தியாகம் செய்யத்தானே வேண்டும் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் சென்னையில் சொந்த வீட்டில் இருக்கிறவர். தியாகம் என்பது தானாக முன்வந்து செய்வது. ரோடு வந்ததும் இந்தப் பக்கத்து மனை விலை ஏறுகிறது. ஏறிய விலை யாருக்கு? ஒரு சென்ட்கூடக் கொடுக்காமல் ரோட்டோரத்தில் தப்பித்தவருக்கு. கொடுத்தவருக்கோ, முதல் அறிவிப்பு வந்த தேதியோடு விலை நின்றுவிடும். மாற்று நிலம் வாங்க அவர் தப்பித்தவரிடம்தான் போய் நிற்கவேண்டும். நண்பர் வீட்டருகே மெட்ரோ ரயில் நிலையம் வருவதாகப் பேச்சு இருக்கிறது. சென்னை மெட்ரோவுக்கு நிலம் எடுக்கப் பயன்படுவது, தொழில் நோக்கங்களுக்கென்று 1997-ல் தமிழ்நாடு போட்ட சட்டம். அங்கேயும் நஷ்டஈட்டுக் கணக்கு இதே 2013-ம் வருஷத்துக் கணக்குத்தான். தம் பத்திரத்தில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி அவருக்கு யோசனை சொன்னேன். அன்று முதல் தியாகத்தைப் பற்றி அவர் பிரஸ்தாபிப்பதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. பறிகொடுத்தவர் அதே வட்டாரத்தில், அதே தரத்தில், அதே அளவு நிலம் வாங்க என்ன தொகை ஆகுமோ அதுவே முதல் வரியில் வரட்டும். அதை வருவாய்த் துறையைச் சேராத ஒருவர் நேரில் விசாரித்துச் சொல்லட்டும். பெருக்கலும் ஆறுதலும் அதன் பிறகு வரட்டும். 2,350 கோடி செலவழிக்கிற கைக்கு இது பாரமா?

பெரியவர் கடைசியில் ஒன்று கேட்டார். வந்த பணத்துக்கு 18 சென்ட் பேசி முடித்திருக்கிறாராம். "முழுத் தொகையும் பத்திரத்துல போடணுமா, தம்பி? வேணாம், செலவு ஏறிடும்ங்கிறாரு பத்திரம் எழுதறவரு."

"முழுத் தொகையும் போடுங்கள்" என்றேன், மிகவும் கண்டிப்பாக.

"நீங்க ஒங்க வீட்டுப் பத்திரத்துல அப்படித்தான் போட்டிருக்கீங்களா?"

கும்பகோணம் பஸ் வந்து நின்றது. நான் சட்டைப் பையைத் துழாவுவதற்குள் டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டார்.