பக்கத்து ஊர் சொன்ன வழி

ஆர்.கே.பேட்டை பஸ் நிறுத்தத்தில் நின்று, 'நாக்பூருக்கு எப்படிப் போகணும்?' என்று கேட்டுப் பாருங்கள். 'முதல்ல திருத்தணி போயிடுங்க, அங்கே ஸ்டேஷன்ல கேளுங்க' என்பார்கள். சொன்னவர் நாக்பூரைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரிந்தால் போதும்.

பழைய நெட்வொர்க்குகளில் ரூட்டர்கள் வழி சொன்னதும் இப்படித்தான். ரூட்டர் என்றால் வீட்டில் வைஃபை தரும் பெட்டி மட்டுமல்ல. அதன் பெரிய அண்ணன்கள் சந்திப்புகளில் உட்கார்ந்து, வருகிற தகவலை எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்கின்றன.

அவற்றுக்கான பழைய விதிமுறைகளில் ஒன்று 'ரிப்'. 1980-களில் புழக்கத்துக்கு வந்த இதை, 1988-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹெட்ரிக் முறையாக எழுதி வைத்தார். 30 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு ரூட்டரும் தன் பட்டியலைப் பக்கத்து ரூட்டர்களிடம் ஒப்பிக்கும். 'இந்த ஊர் எனக்கு 2 தாண்டல்' என்று ஒன்று சொன்னால், கேட்டது 'அப்படியானால் எனக்கு 3' என்று குறித்துக்கொள்ளும். 180 விநாடிக்குச் சத்தமே இல்லையென்றால் அந்த வழி போய்விட்டதாக அர்த்தம்.

சிக்கல் எங்கே? ஆர்.கே.பேட்டைக்குத் திருத்தணி 1 தாண்டல். சோளிங்கருக்கு ஆர்.கே.பேட்டை வழியாக 2. சோளிங்கருக்கு வேறு சாலையே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். திருத்தணி சாலை அறுந்துவிடுகிறது. ஆர்.கே.பேட்டை அதைச் சொல்வதற்குள் சோளிங்கர், 'திருத்தணியா? எனக்கு 2 தாண்டல்தான்' என்கிறது. அது தன் வழியையே திருப்பிச் சொல்கிறது என்பது ஆர்.கே.பேட்டைக்குத் தெரியாது. '3' என்று எழுதிக்கொள்கிறது. உடனே சோளிங்கர் 4, இது 5, அது 6... இல்லாத சாலைக்குத் தகவல் அங்கும் இங்கும் அலையும்.

இதற்குக் கடிவாளமாகத்தான் 16 என்று எண்ணிக்கை தொட்டால் 'வழியே இல்லை' என்று வைத்தார்கள். அதனால் 15 தாண்டலுக்கு மேற்பட்ட நெட்வொர்க்குக்கு ரிப் உதவாது. இன்னொரு விதியும் வந்தது: யாரிடம் கேட்டாயோ, அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லாதே. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கும் இதைக் கொண்டுவரலாம்!

பிறகு வந்த 'ஓ.எஸ்.பி.எஃப்.' முறையில் ஒவ்வொரு ரூட்டரும் வரைபடத்தையே கையில் வைத்துக்கொண்டு தானே வழி கணக்கிடும். ஆனால் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கும் இன்னொன்றுக்கும் இடையே இன்றும் 'பி.ஜி.பி.' என்ற முறைதான். இதில் கடந்து வந்த பாதையையும் சேர்த்துச் சொல்வதால், தன் பெயரைப் பார்த்ததும் ரூட்டர் அந்த வழியை ஒதுக்கிவிடும். ஆனால் சொல்வது பொய்யா என்று கேட்கும் வழக்கம் அதன் அடிப்படையிலேயே இல்லை.

2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் மட்டும் முடக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், 'யூடியூபுக்கு வழி இங்கே' என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்தது. பக்கத்து நெட்வொர்க் நம்பியது, அதற்குப் பக்கத்தில் இருந்ததும் நம்பியது. உலகின் பல பகுதிகளில் சுமார் 2 மணி நேரம் யூடியூப் திறக்கவில்லை.