குழம்புத் தீர்ப்பு

கோழியைக் கீரி கடித்துவிட்டது என்ற செய்தி வீட்டுக்குள் வந்த மறு நிமிஷமே தீர்ப்பும் வந்துவிடுகிறது: “இனிப் பிழைக்காது. அறுத்துக் குழம்பு வைத்துவிடு!”

தீர்ப்புச் சொல்கிறவர் பெரும்பாலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளை. அந்தக் கோழிக்கு ஒரு நாளாவது தவிடு பிசைந்து வைத்தவர் அல்லர்.

நான் சைவத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கோழிக் குழம்பை ருசித்துச் சாப்பிடுகிறவன்தான். என் சண்டை குழம்போடு அல்ல. விசாரணையே இல்லாமல் வழங்கப்படும் இந்தத் தீர்ப்போடு.

“பிழைக்காது” என்பது முதல் பொய். கோழியின் தோல் மெல்லியது. கீரியோ வெருகோ பற்றி இழுத்தால் துணிபோல் கிழிந்து சதை தெரியும். பார்க்கப் பயங்கரம்தான். ஆனால் அதே தோல் ஆச்சரியமான வேகத்தில் கூடவும் செய்யும். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் மறுபடி முளைக்கும். பல சமயம் காயத்துக்கு முன்பே கோழியைக் கொல்வது அதிர்ச்சி. அதற்கு மருந்து இருட்டு, வெதுவெதுப்பு, அமைதி. ஓர் அட்டைப் பெட்டி, ஒரு பழந்துணி, ஒரு கிண்ணம் தண்ணீர். இதற்கு என்ன செலவு?

“இதற்கெல்லாம் யார் வைத்தியம் பார்ப்பது?” என்பது இரண்டாவது சாக்கு. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக் காயத்தை நன்றாகக் கழுவ வேண்டும். பொவிடோன் அயோடினை நீர்க்கக் கலந்து தடவலாம். மண்ணெண்ணெயும் பினாயிலும் வேண்டவே வேண்டாம். ஈ மொய்க்க விட்டால் நம் வெயிலில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். ரத்தத்தைக் கண்டால் அவையே கொத்திக் கொன்றுவிடும். மனிதர்களும் அப்படித்தான் என்று சொல்லி விஷயத்தை வளர்க்க நான் விரும்பவில்லை.

சில காயங்களுக்குக் கால்நடை மருத்துவர்தான் வேண்டும். குடித்த தண்ணீர் கழுத்தடிக் காயத்தின் வழியே வடிந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. தையல் போட வேண்டும். பூனைப் பல் பட்ட ஊசிமுனை ஓட்டையைச் சின்னக் காயம் என்று எண்ணக் கூடாது. பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமிதான் கோழிக் காலராவுக்கும் காரணம். ஆய்வுக்கூடத்தில் கிருமியின் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கலாம் என்று லூயி பாஸ்டர் 1880-இல் உலகத்துக்குச் சொன்னது இந்தக் கோழி நோயை வைத்துத்தான். கோழிக்கு வைத்தியமா என்று சிரிக்கிறவர்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் போட்ட தடுப்பு மருந்தின் வம்சாவளியைக் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. கொல்லைக் கோழி யாருடைய சொத்து? பெரும்பாலான வீடுகளில் அது பெண்ணின் சிறுவாடு. முட்டை விற்ற காசில்தான் பிள்ளைக்கு நோட்டும் அவளுக்கு மாத்திரையும் வருகின்றன. அவளுடைய பணப்பெட்டியை உடைத்துக் குழம்பு வைக்கச் சொல்ல இவர் யார்?

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் கோழியை வெருகு முதுகில் கிழித்துவிட்டது. வீட்டுக்காரர் கத்தியைத் தேடினார். “என் சிறுவாட்டில் வாங்கினது, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அந்த அம்மாள் கோழியைப் பெட்டியில் வைத்துவிட்டார். தெருவே சிரித்தது. சில வாரங்களில் கோழி முட்டையிட்டது. முதல் முட்டையை அவித்துத் தின்றவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

குடல் சரிந்து, கழுத்து முறிந்து துடிக்கிற கோழியைத் துடிக்க விடுவது கருணை அல்ல. அதை உடனே முடித்துவிடுவதுதான் தர்மம். அப்போதும் முதலில் கோழியைப் பாருங்கள். பிறகு அதை வளர்த்தவளைக் கேளுங்கள். மசாலா அரைப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.