கைதட்டல் சான்று ஆகுமா?



சென்ற ஆண்டு பென்னாகரம் வட்டத்துப் பள்ளி ஒன்றில் நடந்த சொற்போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். "வாட்ஸ்ஆப்பில் பரவும் எந்தச் செய்தியையும் முதலில் அனுப்பியவர் யார் என்று அரசு அறிய வழி வேண்டும்" என்பது தலைப்பு. ஆதரித்துப் பேசிய மாணவர் நல்ல குரல்வளம் உடையவர். "மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் ஏன்?" என்று கேட்டார். பிறகு எதிரணியினரைப் பார்த்து, "நீங்களே காலை முதல் இரவு வரை வாட்ஸ்ஆப்பில்தானே கிடக்கிறீர்கள்! உங்களுக்கு அந்தரங்கம் ஒரு கேடா?" என்றார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. அவருக்கே முதல் பரிசு கொடுத்தேன்.

போட்டி முடிந்ததும் எதிரணியில் பேசிய மாணவி என்னிடம் வந்தார். "சார், நீங்கள் மார்க் போட்டது கைதட்டலுக்கா, காரணத்துக்கா?" என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுப் பேருந்து ஏறினேன். தருமபுரி வந்து சேரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆய்வகத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் மாணவர்களைக் கடிந்துகொள்ளும் நான், ஒரு வாதத்தை அளந்து பார்க்காமலே பரிசு கொடுத்துவிட்டேனே! அன்று செய்யத் தவறியதை இன்று உங்களோடு சேர்ந்து செய்து பார்க்கிறேன்.

ஓர் உயிரைக் குடித்த தவறு

இத்தலைப்பு வெறும் பேச்சுப் போட்டிக்கு உரியதன்று. நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே 2018 மே மாதத்தில் நடந்ததைக் கேளுங்கள். குலதெய்வம் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் காரில் வந்தனர். வழி கேட்க நிறுத்திய இடத்தில், 65 வயதான ஓர் அம்மையார் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் ஊருக்குள் வந்திருப்பதாக அந்நாட்களில் வாட்ஸ்ஆப்பில் வதந்தி பரவியிருந்தது. கூட்டம் கூடியது, அவர்களைத் தாக்கியது. அந்த அம்மையார் உயிரிழந்தார்.

அக்கூட்டத்தின் தலையில் ஓடிய வாதம் என்ன? "குழந்தை கடத்துபவர் மிட்டாய் கொடுப்பார். இவர் மிட்டாய் கொடுத்தார். ஆகவே இவர் கடத்துபவர்."

இதே அச்சில் இன்னொன்றை வார்ப்போம். "மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது." சரியா? அம்மா சாணம் தெளித்திருக்கலாம், குழாய் உடைந்திருக்கலாம். ஒரு காரணத்தால் ஒரு விளைவு உண்டாகும் என்பதால், அந்த விளைவைக் கண்ட இடமெல்லாம் அதே காரணம் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. மிட்டாய் கொடுப்போர் ஆயிரம் பேரில் பெரும்பாலோர் தாத்தாவும் பாட்டியும்தாம் அல்லவா?

மலையில் புகை கண்டால் நெருப்பு உண்டு என்று ஊகிக்கும் முறையைப் பழைய தருக்க நூலோர் விரிவாக ஆராய்ந்தனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையிலேயே போலி வாதங்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆனால் மார்கழிக் காலையில் வத்தல்மலையைப் பாருங்கள். தொலைவிலிருந்து புகைபோலத் தெரிவது பனிமூட்டம். கண்டது புகைதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். நெருப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

நீதிமன்றத்துக்கு வந்த கேள்வி

இணையத்தில் தீங்கு செய்வோரை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே 2018இல் இக்கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் போன்ற அடையாள எண்ணுடன் இணைக்க வேண்டும் என்று மனுதாரர்கள் கேட்டனர். நீதிமன்றம் அந்த இணைப்பை ஏற்கவில்லை. ஆயினும் இணையக் குற்றங்களைத் தடுக்க வேறு என்ன வழி என்று ஆராய்ந்தது. அந்த விவாதத்தை விளங்கிக்கொள்ள, வாட்ஸ்ஆப் செய்தி எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிய வேண்டும்.

நீங்கள் ஒரு பூட்டு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொண்டு, பூட்டை மட்டும் திறந்த நிலையில் நண்பருக்கு அனுப்புகிறீர்கள். அவர் கடிதத்தைப் பெட்டியில் வைத்து, உங்கள் பூட்டை அழுத்திப் பூட்டி, தபால்காரரிடம் கொடுக்கிறார். தபால்காரரால் பெட்டியைச் சுமக்க முடியும், திறக்க முடியாது. பூட்டிய நண்பராலும் இனித் திறக்க முடியாது. சாவி உங்களிடம் மட்டுமே இருக்கிறது. இவ்வாறு இரு முனைகளுக்கு இடையே செய்தியைப் பூட்டி அனுப்பும் முறையை 2016 ஏப்ரலில் வாட்ஸ்ஆப் எல்லாப் பயனர்களுக்கும் கொண்டுவந்தது. இங்கே பூட்டும் சாவியும் மிகப் பெரிய எண்கள். தபால்காரர், அந்த நிறுவனத்தின் கணினி. பெட்டிக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. ஆனால் யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது போன்ற உறையின் மேல் விவரங்கள் தெரியும். இந்த வேறுபாட்டை மறவாதீர்கள்.

இரு பேராசிரியர்கள்

சென்னை ஐ.ஐ.டி.யின் கணினிப் பேராசிரியர் வி. காமகோடி 2019இல் நீதிமன்றத்தில் ஒரு யோசனையை முன்வைத்தார். செய்தியை முதலில் உருவாக்கியவரின் அடையாளத்தை அச்செய்தியுடனேயே ஒட்டி அனுப்பலாம். வேண்டுமானால் அந்த அடையாளத்தையும் பூட்டி வைத்து, நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டும் நிறுவனம் திறந்து காட்டலாம். பூட்டு முறையைக் கைவிடாமலே இது இயலும் என்பது அவர் வாதம்.

மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். அந்த அடையாளத்தைப் பொய்யாக மாற்றி ஒட்ட முடியும். குற்றவாளி தப்புவான், ஒன்றும் அறியாதவர் மாட்டிக்கொள்வார் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இவ்வழக்கு 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், பெரிய செய்திச் சேவைகள் முதல் அனுப்புநரைக் கண்டறிய வழி செய்ய வேண்டும் என்றன. அதை எதிர்த்து அந்த ஆண்டு மே மாதத்தில் வாட்ஸ்ஆப் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

இரு பேராசிரியர்களும் வாதிட்ட முறையைக் கவனித்தீர்களா? "நீங்களும் வாட்ஸ்ஆப் வைத்திருக்கிறீர்களே" என்று இருவரும் சொல்லவில்லை. "இம்முறை வேலை செய்யுமா? எங்கே தவறக்கூடும்?" என்பதையே பேசினர். அறிவியலில் கருத்து வேறுபாடு இப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் பரிசு கொடுத்த வாதங்கள்

முதலாவது, "நீங்களே பயன்படுத்துகிறீர்களே" என்பது. புகை பிடிக்கும் மருத்துவர் "புகை பிடிக்காதே" என்றால் அவர் சொல் பொய்யாகிவிடுமா? சொன்னவரின் பழக்கம் வேறு, சொல்லின் உண்மை வேறு. இது ஆளைத் தாக்கும் வாதம். கருத்தைத் தொடவே இல்லை.

இரண்டாவது, "மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் ஏன்?" என்பது. இப்பழமொழியை ஒரு நொடி நின்று எண்ணிப் பாருங்கள். மடியில் கனம் என்பது என்ன? உழைத்துச் சேர்த்த பணம். அதை முடிந்துகொண்டு நடப்பவன் திருடன் அல்லன், திருடனுக்கு அஞ்சுபவன்! பாதுகாக்கத் தக்கது ஒன்று இருப்பது குற்றமாகாது.

பொதுத் தேர்வு விடைத்தாளில் உங்கள் பெயர் திருத்துபவருக்குத் தெரியாதபடி மறைக்கப்படுகிறது. உங்கள் பெற்றோர் மறைவிடத்தில் நின்று வாக்களிக்கின்றனர். இவற்றில் குற்றம் எங்கே இருக்கிறது? நேர்மை நிலைக்கவே மறைவு தேவைப்படுகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமைக்கு எல்லையே இல்லை என்று அத்தீர்ப்பு கூறவில்லை. எல்லை வகுப்பதானால் சட்டம் வேண்டும், தக்க நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்றது.

மூன்றாவது, மாணவர் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று: "முதலில் அனுப்பியவனே குற்றவாளி." 2018இல் இந்தியாவில் பரவிய கடத்தல் காட்சிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் குழந்தை திரும்ப ஒப்படைக்கப்படும். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டனர். எடுத்தவர் நல்லவர், வெட்டியவர் வேறொருவர், நம்பிப் பரப்பியவர் பல்லாயிரவர். இவர்களில் "முதல்வர்" யார்?

மூன்றாம் வழி உண்டா?

"ஒன்று பூட்டை உடை, இல்லையேல் வதந்தியைப் பொறுத்துக்கொள்" என்று இரண்டே வழிகளைக் காட்டினால் உடனே ஐயப்படுங்கள். வேறு வழி உண்டா என்று தேடுங்கள்.

ஒருவர் 5 பேருக்கு அனுப்ப, அவர்களில் ஒவ்வொருவரும் புதிதாக 5 பேருக்கு அனுப்பினால், ஒன்பதாம் படியில் எத்தனை பேர்? ஐந்தை ஒன்பது முறை பெருக்குங்கள்: 19,53,125. அணுக்கருத் தொடர்வினையும் இவ்வாறே பெருகுகிறது. கல்பாக்கம் அணு உலையில் என்ன செய்கிறார்கள்? முதல் நியூட்ரான் எது என்று தேடுவதில்லை. ஒவ்வொரு பிளவிலிருந்தும் அடுத்த பிளவுக்குப் போகும் நியூட்ரான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

2018 ஜூலையில் வாட்ஸ்ஆப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் 5 உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று குறைத்தது. அதன்பின் அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் கூறியது. இது நிறுவனமே தந்த கணக்கு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். இது வேகத்தடைதான், முழுத் தடையன்று. ஆனால் இதற்காக எவர் பெட்டியையும் திறக்க வேண்டியிருக்கவில்லை.

எனவே என் கருத்து இது: எல்லோருடைய செய்தியிலும் அடையாளம் ஒட்டுவது தரும் பாதுகாப்பு சிறிது, அதன் தீங்கு பெரிது. அது வேண்டாம்.

என் பக்கத்தின் ஓட்டை

எதிர்ப்பக்கத்தை மட்டும் எடை போட்டால் நான் நடுவனாக முடியாது. ஒரு மாணவியின் படத்தைத் திரித்து ஒருவன் பரப்புகிறான், அவள் குடும்பத்தார் என்னிடம் வந்து, "உங்கள் பூட்டு அவனையும் காப்பாற்றுகிறதே!" என்றால் என்ன சொல்வேன்? அவர்கள் கேட்பது நியாயம். பூட்டு நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒன்றே. படத்தைப் பெற்றவர் தம் கைப்பேசியைக் காவல்துறையிடம் காட்டலாம். அனுப்பிய எண் அதில் இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகலாம். இதற்கு நாளாகும், சில நேரம் தடம் அறுந்தும் போகும். இந்த இழப்பை நான் மறைக்கவில்லை. மறைத்தால் என் வாதமும் போலி வாதமே. அப்படி ஒரு துன்பம் உங்களில் எவருக்கேனும் நேர்ந்தால், செய்தியை அழிக்காமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

தினமும் ஒரு சோதனை

அடுத்த முறை ஒரு செய்தியை முன்னனுப்பக் கை நீளும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? இதே அடையாளத்துக்கு வேறு காரணம் இருக்க முடியுமா? இது பொய்யானால் துன்பப்படப் போவது யார்? போளூர்க் கூட்டத்தில் ஒருவர் இரண்டாம் கேள்வியை உரக்கக் கேட்டிருந்தால், அந்த அம்மையார் கோயிலுக்குப் போய்த் திரும்பியிருக்கக்கூடும்.

அன்று என்னிடம் கேள்வி கேட்ட மாணவிக்கு என் பதில் இதுதான்: அம்மா, நான் கைதட்டலுக்குத்தான் மார்க் போட்டேன். அது தவறு. பரிசு பெற்ற தம்பிக்கும் ஒரு சொல்: உன் பக்கத்திலும் நல்ல காரணங்கள் உண்டு. காமகோடி அவர்களின் யோசனையைப் படித்துக்கொண்டு வா, மீண்டும் வாதிடுவோம்.

நீங்களும் என் வாதத்தில் ஓட்டை கண்டால் ஆசிரியருக்கு எழுதுங்கள். "நீர் மட்டும் யோக்கியமா?" என்று மட்டும் எழுதாதீர்கள், எந்த வரியில், எந்தக் காரணம் தவறு என்று எழுதுங்கள்.