'ஓட்டை' என்னும் ஒற்றைச் சொல்

கருவிலுள்ள குழந்தையின் இதயத்தில் குறை தென்பட்டால், தமிழ்ப் பெற்றோரின் காதில் விழும் சொல் பெரும்பாலும் ஒன்றே: 'ஓட்டை'. கீழறைகளுக்கு இடையிலுள்ள சிறு துளைகள் பல, காலப்போக்கில் தாமே மூடிக்கொள்பவை. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருப்பின், பிறந்த சில வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை வேண்டும்; உரிய மருத்துவமனையில் அது நடந்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கின்றன. இடப்புற இதயம் வளராதிருப்பின், அடுத்தடுத்து மூன்று அறுவைகள். அதன் பின்னும் இதயம் இயல்பானதாகிவிடாது. இம்மூன்றுக்கும் ஒரே சொல் என்றால், பெற்றோர் எதைக் கொண்டு முடிவெடுப்பர்?

2008இல் இதயக் குறைபாடுள்ள கருவைக் கலைக்க அனுமதி கோரிய தம்பதிக்கு மும்பை உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. அன்றைய வரம்பு 20 வாரம். 2021ஆம் ஆண்டுத் திருத்தம், கடுமையான குறைபாடு உண்டென மருத்துவ வாரியம் கண்டால் வார வரம்பே இல்லை என்றாக்கியது. வாரியம் 3 நாளுக்குள் கருத்துரைக்க வேண்டும். கலைப்பு, தக்க ஆலோசனையுடன் 5 நாளுக்குள் நடைபெற வேண்டும் என்கின்றன விதிகள். ஆலோசனை இங்கே கலைப்பை ஒட்டியே வருகிறது. முடிவெடுக்க இயலாது தவிப்பவருக்கும், பெற்றெடுக்கத் துணிந்தவருக்கும் அவ்விதியில் இடமில்லை. எந்த மொழியில் ஆலோசனை என்பதும் அதில் இல்லை.

தொம்மலூர், சொக்கநாதர் கோயிற் கல்வெட்டுகளிலேயே தமிழைக் கொண்ட ஊர். இன்றும் இங்கே பல வீடுகளில் தமிழ், தெருவில் கன்னடம், மருத்துவமனையில் ஆங்கிலம். மருத்துவர் சொல்வதைக் கணவரோ மாமியாரோ தமிழில் சொல்லும்போது, அன்பினாலோ அச்சத்தாலோ பாதி மறைந்துபோகலாம். கருக்கலைப்புக்குச் சட்டம் கேட்பது வயதுவந்த பெண்ணின் இசைவை மட்டுமே. அந்தப் பெண்ணுக்கே செய்தி கடைசியாகவும் குறைவாகவும் சென்றடைகிறது என்றால், அந்த இசைவுக்குப் பொருள் என்ன?

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பர், உண்மையே. அதனால்தான் பயிற்சி பெற்ற தனி ஆலோசகர் தேவை என்கிறேன். தாயின் மொழியில், படம் வரைந்து, குறையின் பெயர், சிகிச்சை, செலவு, பிரசவம் நிகழவேண்டிய இடம் ஆகியவற்றை விளக்க வேண்டும். அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே கேட்டறிய வேண்டும். ஓரிரு நாள் கழித்து மீண்டும் ஒருமுறை அமர்ந்து பேச வேண்டும். எந்த முடிவையும் திணிக்கலாகாது.

இதில் மொழியியல் துறைகளுக்கும் பங்குண்டு. குழந்தை இதய மருத்துவர்களுடன் அமர்ந்து, ஒவ்வொரு குறைக்கும் ஒரு தாய்க்கு விளங்கும் தமிழ்ப் பெயரும் விளக்கமும் உருவாக்குவோம். நம் ஆய்வேடுகளில் ஒன்றேனும் இதற்குப் பயன்படட்டும்.